கை மூச்சு

ஊரில் என் பெயர் வேதா என்று தெரிந்தவர்கள் கம்மி. எல்லோருக்கும் நான் மயக்க டாக்டரம்மா. வயிற்றைத் திறந்து தைத்தவருக்கு வாழைத்தார் வரும், வேட்டி துண்டு வரும். அந்த நேரம் முழுக்கத் தலைமாட்டில் நின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு, "இன்னா ஊசி போட்டீங்களோ, இன்னும் தலை சுத்துது" என்று புகார் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். இருக்கத்தான் செய்யும். என் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் இருந்த சின்னச் சின்ன நர்சிங் ஹோம் எதிலும் மயக்கத்துக்கென்று தனியாக ஆள் கிடையாது. ஆபரேஷன் என்றால் எனக்கு ஆள் அனுப்புவார்கள். என் தகர டிரங்குப் பெட்டியைச் சுப்பனின் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போவேன். விரலில் மாட்டினால் எண் காட்டுகிற கருவி, நெஞ்சுத் துடிப்பைக் கோடு போட்டுக் காட்டுகிற திரை, தானாக மூச்சு விட்டுத் தருகிற இயந்திரம் எதுவும் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. நாடியில் என் விரல், நோயாளியின் நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஸ்டெதஸ்கோப், நகம் நீலமாகிறதா என்று பார்க்க என் கண். அவ்வளவுதான் என்னுடைய மெஷின்.

பெட்டியின் அடியில் ஒரு ஆம்பு பையும் கிடக்கும். சுரைக்காய் அளவுக்கு ஒரு ரப்பர் பை. அமுக்கினால் நோயாளியின் நெஞ்சுக்குள் காற்று போகும், கையை எடுத்தால் தானே உப்பிக்கொள்ளும். கரண்டு வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், அமுக்க ஒரு கை இருந்தால் போதும். அதை நான் வெளியே எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றைக்குப் பெரிய தேர். கார்த்திகை தீபத்துக்கு முந்தி ஐந்து தேரும் ஓடுகிற நாள். ஒன்று நிலைக்கு வந்தால்தான் அடுத்தது கிளம்பும். தேரின் உச்சி கம்பியில் உரசிவிடும் என்று மாட வீதி முழுக்கக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிடுவார்கள். கடைசித் தேர் நிலைக்கு வருகிறவரை வராது. டாக்டர் ராமகிருஷ்ணனின் நர்சிங் ஹோம் மாட வீதியிலேயே இருந்ததால், தேரன்று அவர் ஆபரேஷன் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆயாவைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்திருந்தார். நான் அங்கே போயிருந்ததே தேர் பார்க்கத்தான். மொட்டை மாடியில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று, லீவென்றாலும் தேர் பார்க்க அங்கேயே வந்திருந்த நர்ஸ் கஸ்தூரி கூப்பிட்டிருந்தாள். எங்கே போனாலும் கூடவே வருகிற என் டிரங்குப் பெட்டி கீழே வராந்தாவில் இருந்தது, பக்கத்தில் சுப்பன்.

மதியத்துக்கு மேல் பெரிய தேர் எங்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாமலையாருக்கு" என்று ஒரு குரல், "அரோகரா" என்று ஆயிரம் குரல். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி வந்தார்கள். கட்டிலிலிருந்து ரத்தம் சொட்டி, தூக்கி வந்தவர்களின் தோளெல்லாம் நனைந்திருந்தது.

கட்டிலில் இருந்தவள் உண்ணாமலை. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், நிறைமாதம். ஊர் எல்லைவரை வேனில் வந்து, அதற்கு மேல் வண்டி வராது என்றதும் யார் வீட்டுக் கட்டிலையோ வாங்கித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கூடவே அவள் புருஷன் வேடியப்பன், அம்மா ராஜம்மாள்.

ராமகிருஷ்ணன் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தார். "நஞ்சுக்கொடி கீழ எறங்கி வழிய அடைச்சிருக்கு வேதா. இப்பவே எடுக்கலேன்னா ரெண்டும் போயிடும்."

"கரண்ட் இல்ல சார்."

"ஜன்னல் இருக்கு இல்ல? டார்ச் இருக்கு. எடுங்க."

வேடியப்பனை ரத்தம் கொடுக்க ஆயா இழுத்துக்கொண்டு போனாள். நான் எந்த நோயாளியிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். என்ன அவசரமானாலும் அதைக் கேட்காமல் ஊசியைத் தொட மாட்டேன். எப்போது சாப்பிட்டாள், ஆஸ்துமா உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா. கடைசிக் கேள்வி: "உங்க குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன் ஆகி, மயக்க மருந்துல ஏதாவது ஆச்சா? எழுந்திருக்காம, மூச்சு வராம?"

உண்ணாமலை அம்மாவைப் பார்த்தாள். ராஜம்மாள் மகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, சாமி மேல் சத்தியம் செய்வது போல, "அந்த மாதிரி எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்றாள்.

நானும் சரி என்றேன்.

இது போன்ற அவசரத்துக்கு அப்போது ஒரு வழக்கம் உண்டு. முதலில் தூக்க மருந்து, உடனே ஸ்கோலின் என்கிற ஊசி. அது உடம்பை முழுக்கத் தளர்த்திப் போட்டுவிடும். மூச்சு விடுகிற தசையும் சேர்ந்து நின்றுவிடும். அந்த இடைவெளியில் தொண்டைக்குள் குழாயை இறக்கி, மூச்சை நாம் கொடுக்க வேண்டும். ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரத்துக்குள் மருந்து கலைந்து, நோயாளி தானே மூச்சு விட ஆரம்பித்துவிடுவாள். ஆயிரம் பேருக்காவது போட்டிருப்பேன். ஒருத்தர்கூட என்னைக் கைவிட்டதில்லை.

குழாய் சுலபமாக இறங்கியது. அதை நர்சிங் ஹோமின் பழைய மயக்க மெஷினில் மாட்டினேன்; சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜனும் மயக்க வாயுவும் அதில் வரும், மூச்சை மட்டும் அதன் கருப்புப் பையைக் கையால் அமுக்கித்தான் கொடுக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் ராமகிருஷ்ணன் கத்தியை வைத்தார். பெண் குழந்தை. பிடித்துத் தலைகீழாகத் தூக்கியதும் வீல் என்று கத்தியது பாருங்கள், தேர்ச் சத்தத்தை மீறிக் கேட்டது. ஆயா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். ரத்தமும் நின்றுவிட்டது. வேடியப்பனின் ரத்தம் பாட்டிலில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

அவள் விடவில்லை.

முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெஷினின் கருப்புப் பையை அமுக்கிக்கொண்டே காத்திருந்தேன். கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். நெஞ்சு அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி நிறுத்தினேன். ராமகிருஷ்ணன் கடைசித் தையலும் போட்டு முடித்துவிட்டார். ஒரு விரல்கூட ஆடவில்லை. கண் இமையில் தொட்டால் இமை துடிக்கவில்லை. துணியைப் பிழிந்து போட்டால் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் அவர்.

"மூச்சு வரல."

"ஊசி ஜாஸ்தியா போட்டுட்டீங்களா?"

"எப்பவும் போடறதுதான் போட்டேன்!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாதுதான்.

ஒருவேளை ரத்தம் போனதில் மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்துவிட்டதா? இல்லை, ஸ்கோலின் கலையவில்லையா? பல ஆயிரத்தில் ஒருத்தருக்கு அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. நாடி நன்றாக இருந்தது. ஆனால் எது என்று சொல்ல எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. வேலூருக்குக் கொண்டுபோனால் மூச்சு விட்டுத் தருகிற இயந்திரம் இருக்கும். வேலூருக்கு எப்படிக் கொண்டுபோவது? வாசலில் தேர் நிற்கிறது. வாசல் கதவைத் திறந்தால் கையை நீட்டி வடத்தைத் தொடலாம், அவ்வளவு கூட்டம்.

அப்போதுதான் ஆக்ஸிஜன் சிலிண்டரின் அளவு காட்டுகிற முள் அடிக்கு இறங்கியிருப்பதைப் பார்த்தேன். மாற்றுச் சிலிண்டரும் பாதிதான் இருந்தது. சுப்பனைக் கூப்பிட்டு, செங்கம் ரோட்டில் சிலிண்டர் கிடங்கு வைத்திருக்கிறவரிடம் போய் ஒன்றைத் தூக்கி வரச் சொன்னேன்.

"எப்டிம்மா வர்றது? எறும்பு போறதுக்கு வழி இல்ல."

"நீ எறும்பா? ஆம்பளதானே? தலையில தூக்கிகினு வா. பறந்து வா. போடா!"

போனான், பாவம்.

பாதிச் சிலிண்டரும் காலியானது. மெஷினின் கருப்புப் பை தொளதொளவென்று தொங்கியது. வாயு வந்தால்தான் அது உப்பும். பெட்டியின் அடியிலிருந்து ஆம்பு பையை எடுத்துக் குழாயில் மாட்டினேன். வெறும் காற்றுதான். ஆனாலும் காற்று. அமுக்கினேன், விட்டேன். அமுக்கினேன், விட்டேன்.

இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ரப்பர் பை அமுக்குவதில் என்ன கஷ்டம் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் தோள்பட்டை. ஒரு கட்டத்தில் கை உங்களுடையதாக இருக்காது. ஆனால் நிறுத்த முடியாது. நீங்கள் மூக்கைச் சொறிந்தால் அந்த நேரத்துக்கு அவளுக்கு மூச்சு கிடையாது. கஸ்தூரி அமுக்கினாள். ராமகிருஷ்ணன் அமுக்கினார். கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை முன்கட்டில் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்ததால் அவர் நடுநடுவே போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் புருஷனையும் அம்மாவையும் செருப்பைக் கழற்றவைத்துக் கையைக் கழுவவைத்து உள்ளே கூப்பிட்டேன்.

"கணக்கெல்லாம் வேணாம்," என்றேன். "நீங்க மூச்சு இழுக்கும்போது அமுக்குங்க. நீங்க விடும்போது விடுங்க. உங்க மூச்சுதான் அவளுக்கும்."

வேடியப்பன் பெரிய கையை வைத்துப் பூவைத் தொடுவது போல அமுக்கினான். அவன் உதடு ஓயாமல் எதையோ முணுமுணுத்தது. வெளியே பெரிய தேர் ஒருவழியாகக் கிளம்பி எங்கள் வாசலைத் தாண்டியது. வீடே அதிர்ந்தது, மேஜை மேல் இருந்த கிண்ணங்கள் கிணுகிணுவென்று ஆடின. உண்ணாமலை மட்டும் ஆடவில்லை.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ராமகிருஷ்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான், குற்றம் சொல்ல மாட்டேன். "வேதா, எவ்வளவு நேரமாச்சு? ஒரு அளவுக்கு மேல இதுல அர்த்தம் இருக்கா? அவங்ககிட்ட சொல்லிடலாமே."

தெரியாது என்பதுதான் என் பதில். தெரியாதபோது எனக்கு வருவது கோபம் மட்டும்தான். "நீங்க போய்த் தேர் பாருங்க சார்," என்றேன்.

மெதுவாகத்தான் பேசினோம். ஆனாலும் ராஜம்மாள் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்போது அவள் முறை. பையை அமுக்கிக்கொண்டிருந்தவள் அழாமல், தெளிவாகச் சொன்னாள்:

"போதும் டாக்டரம்மா. விட்டுடுங்க அவள."

"என்ன?"

"விட்டுடுங்க தாயே. போன உசுர இஸ்து இஸ்துப் புடிச்சு இம்சை பண்ணாதீங்க. எனக்குத் தெரியும் இது. பெரியவளுக்கும் இப்டிதான் ஆச்சு."

"எந்தப் பெரியவ?"

"என் மூத்த பொண்ணு. சரோஜா. கொழந்தைய எடுக்கணும்னு வேற ஊரு ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. பையன் பொறந்தான். இவ எழுந்திருக்கல. இதே மாதிரி ஒரு பைய வெச்சுக் கொஞ்ச நேரம் அமுக்கினாங்க. அப்பால கைய விரிச்சுட்டாங்க."

என் கை தானாகப் போய் அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டது. அமுக்கிக்கொண்டே கத்தினேன். "கேட்டேனே! வாய் கிழியக் கேட்டேனே! உங்க குடும்பத்துல யாருக்காவது எழுந்திருக்காம போச்சான்னு! வம்சத்துலயே இல்லைன்னியே! நீ பெத்தவளா?"

ராஜம்மாளின் முகம் கோணியது. "நோவு எடுத்துப் படுத்துகினு இருக்கிறவ முன்னால சாவுப் பேச்சு எடுப்பாங்களா டாக்டரம்மா? அதுவும் அவ அக்கா சாவ? இவளுக்கு அது தெரியவே தெரியாது. ஜன்னி கண்டு செத்தான்னு சொல்லி வெச்சிருக்கோம். சரோஜா புருஷனத்தான் இவளுக்கு மறுபடி கட்டிவெச்சோம், அந்தப் புள்ளைய வளக்க ஆள் வேணும்னு. அவ போன எடத்துக்கு வந்தவகிட்ட, அவ செத்த மாதிரியே படுத்திருக்கும்போது, எந்த வாயால சொல்றது?"

வேடியப்பன் சுவரோடு சுவராகக் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவன் ரத்தம் கொடுக்கப் போயிருந்தான்.

எனக்கு ராஜம்மாளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. "நீங்க சொந்தத்துல கட்டினவங்களா?" என்று கேட்டேன்.

"என் தாய்மாமனத்தான்."

முடிந்தது. இதற்கு மேல் எந்தக் கருவியும் எனக்குத் தேவைப்படவில்லை. சில குடும்பங்களில் ஸ்கோலினைக் கலைக்கிற சத்து ரத்தத்தில் இருக்காது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும்போது அது பிள்ளைகளிடம் வெளியே வரும். மற்றவர்களுக்குச் சட்டென்று கலைகிற மருந்து இவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும். அதுவரைக்கும் யாராவது மூச்சு கொடுத்தால் எழுந்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் செத்துப்போவார்கள். வேறு ஒரு நோயும் கிடையாது.

"சார்!" என்று கத்தினேன். "ஸ்கோலின்தான்! இவ அக்காவும் இதுலதான் போயிருக்கா! மூளை நல்லா இருக்கு சார், மருந்துதான் கலையல!"

கஸ்தூரியிடம் பையைக் கொடுத்துவிட்டு, உண்ணாமலையின் கண்கள் உலராமல் இருக்கப் பிற்பாடு ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்க்கத்தான் எடுத்தேன். இமையைத் தூக்கியதும் கண்ணீர் வழிந்தது. இரண்டு கண்ணிலிருந்தும். கண் ஓரமாக இறங்கிக் காதுக்குள் போனது. நாடியைப் பிடித்தேன். குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

தூக்க மருந்து எப்போதோ கலைந்துவிட்டது. மயக்க வாயு சிலிண்டரோடு போய்விட்டது. மூச்சு வரவில்லையே என்கிற பதற்றத்தில் நாங்கள் யாரும் அதை நினைக்கவே இல்லை. அவள் விழித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் காட்டினால்கூடக் கண்ணை மூட முடியாத உடம்புக்குள் முழு விழிப்போடு கிடந்தாள்.

"அவளுக்குக் காது கேக்குது," என்றேன். "நாம பேசினது எல்லாம் அவளுக்குக் கேக்குது."

ராஜம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் குனிந்து உண்ணாமலையின் காதில் சொன்னேன். "உண்ணாமலை, நான் டாக்டரம்மா. நீ சாகல. சாக மாட்ட. ஊசி கலையறதுக்கு லேட் ஆகுது, அவ்வளவுதான். நாங்க விட மாட்டோம். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. இப்ப தூங்கறதுக்கு ஊசி போடறேன்." போட்டேன். கண்ணீர் நின்றது. ஆனால் அதற்கு முன்னால் கேட்டதை அழிக்க எந்த ஊசியும் கிடையாது.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. எல்லோருக்கும் புதிதாகக் கை முளைத்தது போல இருந்தது. அப்புறம் வேடியப்பன் அமுக்கிக்கொண்டிருந்தபோது புஸ்ஸென்று ஒரு சத்தம். பையின் கழுத்துப் பக்கம் ரப்பர் கிழிந்துவிட்டது. பழைய ரப்பர். அமுக்கினால் காற்று கிழிசல் வழியாக வெளியே போனது, உள்ளே போகவில்லை.

வேடியப்பன் கிழிந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல, நான் ஒண்ணும் பண்ணல" என்று சின்னக் குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். கஸ்தூரி அதைப் பிடுங்கித் துடைத்துப் பிளாஸ்திரி சுற்ற ஆரம்பித்தாள். ரப்பர் ஈரமாக இருந்ததால் பிளாஸ்திரி ஒட்டவில்லை. நான் தொண்டைக் குழாயில் வாயை வைத்து ஊதினேன். வேறு என்ன செய்வது? ஊதினேன், வாயை எடுத்து மூச்சை இழுத்தேன், மறுபடி ஊதினேன். அவள் நெஞ்சு எழுந்தது. அடங்கியது. எழுந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"தள்ளுங்க," என்றாள் ராஜம்மாள்.

"உங்களால முடியாது."

"அடுப்பு ஊதாத பொம்பளையா நானு? தள்ளுங்க டாக்டரம்மா."

என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் குழாயில் வாயை வைத்தாள். கொஞ்ச நேரம் முன்னால் விட்டுடுங்க என்று சொன்ன அதே வாய். ஊதினாள். கண்கள் பிதுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. வாயை எடுத்து மூச்சு வாங்குகிற இடைவெளியில், "இந்தா கண்ணு" என்றாள். ஊதினாள். "இந்தா, வாங்கிக்கோ." ஊதினாள். ஒவ்வொரு ஊதலுக்கும் மகள் நெஞ்சு எழுந்தது. கஸ்தூரி ஒருவழியாகப் பிளாஸ்திரி மேல் பஞ்சுத் துணியை இறுக்கிக் கட்டிப் பையை நீட்டினாள். நான் அதை மாட்டிய பிறகும் ராஜம்மாள் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே அம்மன் தேர் வந்தது. அதைப் பெண்கள்தான் இழுப்பார்கள். தெரு முழுக்கப் பெண் குரலாக இருந்தது. அறை கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. ராமகிருஷ்ணன் டார்ச்சை உண்ணாமலையின் நெஞ்சின் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். கையில் எனக்கு உணர்ச்சியே இல்லை. அப்போது பை என் கைக்கு எதிராக ஒரு சின்ன உதறு உதறியது.

நான் கையை நிறுத்தினேன்.

"என்னங்க?" என்றாள் கஸ்தூரி.

"பேசாத."

தாடை லேசாக அசைந்தது. வயிறு, அந்தக் கட்டுக்குக் கீழே, ஒரு துளி ஏறியது. இறங்கிவிட்டது. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. மறுபடி ஏறியது. இந்தத் தடவை நெஞ்சும் சேர்ந்து ஏறியது. உண்ணாமலை தானாக ஒரு மூச்சு இழுத்தாள். அப்புறம் இன்னொன்று.

ராமகிருஷ்ணன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார். இருட்டில் வேடியப்பன் ஓவென்று அழுதது மட்டும் கேட்டது. நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

கடைசித் தேர் போன பிறகு சுப்பன் சிலிண்டரோடு வந்து சேர்ந்தான். தலையிலும் தோளிலுமாகத் தூக்கி வந்ததில் சட்டை கிழிந்திருந்தது. "தாமசமாயிடுச்சா டாக்டரம்மா?" என்றான். இல்லடா என்று சொல்லி அவனை உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

மறுநாள் காலையில் உண்ணாமலையைப் பார்க்கப் போனேன். தொண்டை புண்ணாகி, குரல் கரகரவென்று இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட ராஜம்மாள் எடுத்துப் போயிருந்தாள்.

"டாக்டரம்மா, நான் முழிச்சுகினுதான் இருந்தேன்," என்றாள்.

"தெரியும்மா."

"வெரல அசைக்கணும்னு எம்மாந் தூரம் பாத்தேன். முடியல. அம்மா விட்டுடுங்கன்னு சொல்லிச்சு. நான் இருக்கேம்மா, இருக்கேம்மான்னு உள்ளயே கத்தறேன். யாருக்கும் கேக்கல." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "பெத்த தாயே சொல்லிடுச்சே."

அவள் தூங்கிய பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது. பை கிழிந்ததைச் சொன்னேன். நான் ஊதி முடியாமல் போனதைச் சொன்னேன். அவள் அம்மா என்னை இடித்துத் தள்ளியதை, இந்தா கண்ணு, வாங்கிக்கோ என்று சொல்லிச் சொல்லி ஊதியதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ராஜம்மாள் குழந்தையோடு வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் என்னிடமே வந்து நின்றாள். இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. நேத்து நீங்க சொன்னீங்களே, ஊசி கலையறவரைக்கும் மூச்சு குடுத்துகினே இருந்தா பொழச்சுக்குவாங்கன்னு."

"ஆமா."

"அப்போ சரோஜாவும் பொழச்சிருப்பா."

நான் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"சரி, அது போவட்டும். அது அவ விதின்னு வெச்சுக்கறேன்." அவள் குரல் இறங்கியது. "இவளுக்குக் காது கேக்குதுன்னீங்களே. அவங்க கைய விரிச்சதும் நான் சரோஜா மேல விழுந்து ஒப்பாரி வெச்சேன். போயிட்டியேடி, போயிட்டியேடின்னு. கொஞ்ச நேரத்துக்கு அவ உடம்பு சூடாத்தான் இருந்துச்சு. அவளுக்கும் கேட்டிருக்குமா டாக்டரம்மா?"

வாயில் வந்ததைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள் என்று எனக்கு ஊர் முழுக்கப் பெயர். அன்றைக்கு நான் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தேன். கேட்டிருக்கும் என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது? இல்லை என்று சொன்னாலும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"நீ ஒண்ணும்மா," என்றாள் உண்ணாமலை, கட்டிலிலிருந்து. "எனக்கே ஒண்ணும் கேக்கல."

ராஜம்மாள் திரும்பினாள். "கேக்கலியா?"

"எங்க கேட்டுச்சு? ஊசி போட்டாங்க, தூங்கிட்டேன். கண்ணத் தொறந்தா விடிஞ்சிருக்கு. டாக்டரம்மா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. எனக்கே கேக்கலேன்னா அக்காவுக்கு எங்க கேட்டிருக்கப் போவுது?"

"நெசமாவா கண்ணு? நான் பேசினது எதுவுமே...?"

"இன்னா பேசின? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

ராஜம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் மெதுவாகப் போய்க் குழந்தையை மகள் பக்கத்தில் கிடத்திவிட்டு, குனிந்தபடியே நின்றாள். முதுகு குலுங்கியது. உண்ணாமலை கையை நீட்டி அம்மாவின் முந்தானையால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தாள்.

"அழுவாதம்மா," என்றாள். "புள்ள மேல சொட்டுது பாரு."